வீடு விற்பவரும் தரகரும்

பிற்காலச் சோழர், பாண்டியர் காலத்து விற்பனைக் கல்வெட்டுக்களைப் படிப்பவர் கண்முன் ஒரு சிறு நாடகக் காட்சி தோன்றும். தம் நிலத்தையோ மனையையோ விற்க விரும்புகிறவர், இன்ன எல்லைக்கு உட்பட்ட இதனை விலைக்குக் கொள்வார் உளரோ என்று ஊரறியக் கேட்கிறார். அது முற்கூறல். வாங்க விரும்புகிறவர், நாம் கொள்வோம் என்று விடை பகர்கிறார். அது பிற்கூறல். பின்னர் இருவருக்கும் இசைந்த விலை இத்தனை காசு என்று முடிவாகிறது. அக்காசு ஆவணக்களரி என்னும் இடத்தில் குறைவறக் கைமாறுகிறது. இவ்வளவும் ஓலையில் எழுதப்பெற்று, கோயிலுக்குத் தொடர்புடையதாயின் கல்லிலும் வெட்டப்பெறுகிறது.

இக்காட்சியில் விற்பவர் இருக்கிறார்; வாங்குபவர் இருக்கிறார்; எழுதுபவரும் சாட்சிகளும் இருக்கிறார்கள். இன்று நாம் வீடு விற்க நினைத்தவுடன் யாரைத் தேடிச் செல்கிறோமோ, அந்தத் தரகர் மட்டும் இல்லை. ஏன் இல்லை? எப்போது வந்தார்? வந்து என்ன செய்கிறார்? மாணவர்களாகிய உங்களுக்கு வீடு விற்கும் வேலை இப்போது இராது. ஆயினும் அரசர்களின் போர்களைப் பற்றிப் படிக்கும் நீங்கள், ஒரு குடும்பத்தின் மொத்தச் செல்வமும் ஒரே நாளில் கைமாறும் இந்த நிகழ்ச்சியின் வரலாற்றையும் அறிந்திருத்தல் நன்று.

பழைய விற்பனை ஓலைகளின் வாசகத்தில் வியக்கத்தக்க எச்சரிக்கை உண்டு. நாற்புறத்து எல்லையும் தனித்தனியே சொல்லப்படும். கிழக்கே இன்னாருடைய நிலத்துக்கு மேற்கு, தெற்கே இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று அமைந்த அந்த நடையை இன்றைய கிரயப் பத்திரங்களிலும் காணலாம். அதற்குள் அமைந்த மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் விற்பனையில் அடங்கும் என்று எழுதுவார்கள். வாங்கியவர் பின்னாளில் வந்து கிணற்றில் நீர் இறைக்கும்போது, நிலத்தைத்தான் விற்றேன், கிணற்றை விற்கவில்லை என்று எவரும் சொல்ல இயலாது. இந்த ஓலையே விலையோலை, இதுவே பணம் முழுவதும் பெற்றதற்கு உரிய மாவறுதி ஓலை, வேறு எதுவும் காட்ட வேண்டுவதில்லை என்னும் கருத்தும் அதில் இருக்கும். அரசன் ஓர் ஊரைக் கொடையாக வழங்கினால் பெண்யானையை நடத்தி எல்லையைச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டு அடையாளம் செய்தார்கள். பெண்கள் சொத்தை விற்கும்போது முதுகண் என்னும் ஆண் துணைவர் ஒருவர் உடன் நின்றதையும் பல ஆவணங்கள் காட்டுகின்றன. இந்த முதுகண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓலையை எவ்வளவு கருத்தாகக் காத்தார்கள் என்பதற்குத் திருவெண்ணெய்நல்லூர் வழக்கு ஒன்றே போதும். சுந்தரரை அடிமை என்று வழக்காட வந்த முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிந்து விடுகிறார். கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் உள்ளது என்கிறார் முதியவர். அவையத்தார் மூலவோலையை வாங்கி, சுந்தரரின் பாட்டனார் கைச்சாத்தைக் காப்பில் இருந்த பழைய ஓலை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். பெரிய புராணத்தில் பக்தியைத் தேடுபவர்கள் பக்தியைக் காண்பார்கள். நானோ அங்கே மூல ஆவணம், நகல், கையெழுத்து ஒப்பீடு, ஆவணக் காப்பகம் ஆகிய நான்கையும் கண்டு வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அந்த ஊர்களில் தரகருக்கு வேலை இல்லாமற்போனதன் காரணம் இப்போது விளங்கும். விற்பவர் யார், அவர் பாட்டன் யார், அவருக்குக் கடன் உண்டா, பங்காளிகள் எத்தனை பேர் என்பதை ஊர் அறியும். ஊரே சாட்சியாக இருந்த காலத்தில் ஒருவருடைய சொல்லை மற்றொருவருக்கு எடுத்துச் செல்ல மூன்றாமவர் தேவைப்படவில்லை.

தரகு என்னும் சொல் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. முதலாம் இராசராசன் காலத்துக் கொடையைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடுகளில், ஊரிலிருந்து வரும் வரிவகைகளின் பட்டியலில் தறிப்புடவைக்கும் தட்டார்ப்பாட்டத்துக்கும் நடுவே தரகும் நிற்கிறது. நெசவும் பொற்கொல்லமும் போலத் தரகும் வரி செலுத்தும் தொழிலாக இருந்தது என்று இதனால் கொள்ளலாம். ஆனால் தரகு வளர்ந்த இடம் சந்தை. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை மறைத்து, விரலைத் தொட்டு விலை பேசும் தரகர்களைப் பார்த்தவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களில் இருப்பார்கள். சந்தைக்கு வரும் மாடும் வேற்றூர், ஆளும் வேற்றூர். அறியாதவரும் அறியாதவரும் சந்திக்கும் இடமே தரகர் பிறக்கும் இடம்.

அறியாதவர்கள் கூடி வாழும் ஊர் நகரம். சென்னை நகரின் தொடக்கமே ஒரு நிலப் பேச்சுவார்த்தைதான். 1639ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, தாமர்ல நாயக்கர்களிடம் கடற்கரை மணல்வெளியில் இடம் பெற்றார். அப்போது உடன் நின்று பேசியவராகப் பேரி திம்மப்பாவின் பெயர் வழங்கி வருகிறது. இத்தகையோரைத் துபாஷி என்றார்கள். இரு மொழி பேசுபவர் என்பது பொருள். இன்றைய வீட்டுத் தரகரும் ஒரு வகையில் துபாஷியே. விற்பவரும் வாங்குபவரும் தமிழே பேசினாலும், ஒருவர் பேசுவது பாட்டனார் கட்டிய வீட்டைப் பற்றி. மற்றவர் கேட்பது சதுர அடியைப் பற்றி.

நகரம் பெருகப் பெருக, ஊர்ச் சாட்சியம் வலுவிழந்தது. அதன் இடத்தில் அரசு ஓர் அலுவலகத்தை வைத்தது. 1864இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கான பதிவுச் சட்டம் வந்தது. அது சிலமுறை திருத்தி எழுதப்பெற்று, இன்றும் நாம் பின்பற்றும் 1908ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. இதற்கிடையில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த ஆவணத்தால் மட்டுமே விற்க முடியும் என்று விதித்தது. சொத்தில் உள்ள குறையையும் உரிமையில் உள்ள குறையையும், தாம் அறிந்து வாங்குபவர் அறியாதவை எவையோ அவற்றை, விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பதிவு அலுவலகம் ஆவணத்தைப் பதிந்து காக்கிறது. இந்த வீடு இவருக்கே உரியது என்று அரசு கைச்சாத்திட்டு உறுதி கூறுவதில்லை. முன் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று கிடைக்கும். ஆனால் பதிவு செய்யப்பெறாத வாய்மொழிப் பாகப்பிரிவினையும், வெளியூரில் இருக்கும் ஒரு மகளும் அச்சான்றில் தோன்றமாட்டார்கள். ஊர் அறிந்திருந்தவற்றில் பாதியை மட்டுமே அலுவலகம் அறிந்தது. எஞ்சிய பாதி தரகர் பங்குக்கு வந்தது.

விலையின் கதை இதனினும் விந்தையானது. சோழர் கல்லில் விலை வெட்டப்பட்டது. யாரும் போய்ப் படிக்கலாம். நவீன காலத்தில் முத்திரைத் தாளின் செலவு விற்பனைத் தொகைக்கு ஏற்ப உயர்வதால், மக்கள் பத்திரத்தில் குறைந்த விலையை எழுதத் தலைப்பட்டனர். அரசு இதனைத் தடுக்க 1967இல் முத்திரைச் சட்டத்தில் 47-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. குறைத்து எழுதியதாகத் தோன்றினால் பதிவு அதிகாரி அதனை ஆட்சியரின் ஆய்வுக்கு அனுப்பலாம். பின்னர்த் தெருவுக்குத் தெரு வழிகாட்டி மதிப்பு வந்தது. அதன் பின்னும் மக்கள் அந்த மதிப்பைப் பத்திரத்தில் எழுதிவிட்டு, மிகுதியைக் கையில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. இதனால் என்ன ஆயிற்று? ஒரு தெருவில் வீடு உண்மையில் என்ன விலைக்குப் போகிறது என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அது தரகரின் நினைவில் மட்டுமே இருந்தது. மக்களின் ஒரு பொய்யே தரகரை விலையின் பேரேடாக ஆக்கியது என்று சொன்னால் மிகையாகாது.

சென்னையில் 1920களில் நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் உத்தியோகத்துக்கு வந்தவர்கள் பக்கத்து மனைக்காரர் யாரென்று அறியாமலே மனை வாங்கினார்கள். 1942 ஏப்ரலில் சப்பானியர் படையெடுப்பார்கள் என்னும் அச்சத்தால் சென்னை மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். கிடைத்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டு ஊர் போனவர்கள் உண்டு என்று முதியவர்கள் சொல்ல இளமையில் கேட்டிருக்கிறேன். அவசரத்தில் விற்பவருக்கு விலையைப் பற்றி உண்மை சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் நேர்வது அதுதான்.

இனித் தரகர் செய்யும் உதவியை நான் அருகிருந்து கண்ட ஒரு விற்பனையைக் கொண்டு சொல்லுகிறேன். காவிரிக் கரையில் உள்ள சிற்றூர் ஒன்றில் என்னோடு பணிபுரிந்த ஆசிரியர் 1997இல் காலமானார். மருத்துவச் செலவு கடனாக நின்றது. அவர் மனைவியார், வேலைக்குச் சென்றிருந்த ஒரே மகனோடு கலந்து, வீட்டை விற்றுக் கடனை அடைத்துச் சிறிய வீடொன்றுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தார். செய்தி பரவிய மூன்றாம் நாளே ஒருவர் வந்து, நான்கரை இலட்சம் ரொக்கம், தாள்களைப் பற்றிய தொல்லையே வேண்டாம், வருகிற வாரம் பதிவு என்றார். அம்மையார் ஏறத்தாழ இசைந்துவிட்டார். அப்போதுதான் அத்தெருவின் தரகர் ஒருவரை நாங்கள் அழைத்தோம். முன்பு துணிக்கடையில் கணக்கு எழுதியவர்; அதிகம் பேசாதவர்.

அவர் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ திண்ணையில் அமர்ந்து, "வாத்தியாரம்மா, வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பத்திரப் பையைக் கொண்டு வாருங்கள்" என்றார். மஞ்சள் பையிலிருந்து வந்தவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். 1959இல் ஆசிரியரின் தந்தையார் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு அது. தாய்ப்பத்திரம் சரியாக இருந்தது. தந்தையார் 1990இல் உயில் எழுதாமல் இறந்திருந்தார். அவர் மனைவியார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். "உங்கள் வீட்டுக்காரருக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார் தரகர். இரண்டு தங்கைகள், மூத்தவர் பக்கத்து ஊரிலும் இளையவர் சாம்செட்பூரிலும் இருந்தார்கள்.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா, இந்த வீட்டில் உங்களுக்கும் உங்கள் மகனுக்கும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குதான்" என்றார்.

அம்மையாரின் முகம் மாறியது. இருபது ஆண்டுகள் அந்த வீட்டைப் பெருகிக் கோலமிட்டவர் அவர். ஆனால் தரகர் சொன்னதே சட்டம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தையின் தனிச்சொத்தில் மகனும் மகளும் சமபங்கினர். குடியிருக்கும் வீட்டை மட்டும், ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை மகள்கள் பிரித்துக் கேட்க முடியாது என்று அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுத்திருந்தது. அந்தத் தடை 2005இல் நீங்கியது. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்ததும் இவ்வரிசையில் சேர்த்துப் படிக்க வேண்டியது. முதுகண் இல்லாமல் பெண் ஆவணத்தில் நிற்க முடியாத காலத்திலிருந்து, பெண்ணின் கையெழுத்து இல்லாமல் ஆவணமே நிற்காத காலத்துக்கு நாம் வந்திருக்கிறோம். வந்த வழி நெடியது. கடைசிக் காதம் மிக அண்மையில்தான் கடக்கப்பட்டது.

அந்த நான்கரை இலட்சக்காரருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்று பின்னர்த் தரகர் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்காரரிடம் முழு வீட்டையும் மலிவாக எழுதி வாங்கிவிட்டு, தங்கைமார் வழக்குத் தொடுத்தால் விற்றவரையும் நீதிமன்றத்தில் நிறுத்தும் வணிகர்கள் உண்டாம்.

அடுத்து முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று வாங்கினார். அந்நாளில் அலுவலக எழுத்தர் பேரேடுகளைப் புரட்டிக் கையால் எழுதித் தரவேண்டும். பல நாள் காத்திருந்து பெற்ற சான்றில், 1981இல் மாடி கட்டக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கான அடமானம் நின்றது. கடன் என்றோ தீர்ந்துவிட்டது. ஆனால் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகவில்லை. ஏட்டைப் பார்ப்பவருக்கு அந்த வீடு இன்னும் அடமானத்தில்தான் இருந்தது. சங்கத்துக்கு நான்கு முறை நடந்து அந்த ரசீதைப் பதிவு செய்ய வைத்தார். பட்டா முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருந்ததைக் கண்டு, அதனை மாற்றவும் மனுக் கொடுக்கச் செய்தார். இந்த நடைக்கெல்லாம் அவர் கூலி கேட்கவில்லை. விற்பனை முடிந்தால்தான் அவருக்குக் காசு. முடியாவிட்டால் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

முன்னறையில் ஒரு தையற்காரர் வாடகைக்கு இருந்தார். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அது 2019இல்தான் புதிய சட்டத்துக்கு இடங்கொடுத்தது. வீடு கைமாறுகிறது என்பதற்காகக் குடியிருப்பவரை வெளியேற்ற இயலாது. ஆளிருக்கும் வீட்டுக்கு விலை குறையும். தரகர் அதே தெருவில் வேறோர் அறையைத் தேடி, தையற்காரருக்கு முன்தொகையைத் திருப்பிக் கொடுக்கச் செய்து, ஒரு சொல்லும் தடிக்காமல் குடி மாற்றினார்.

தங்கைமாரிடம் பேசியதும் அவரே. மூத்தவர், அண்ணியின் நிலையைக் கருதி, விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துத் தம் பங்கை விட்டுக்கொடுத்தார். இளையவர் தம் பங்கைக் கேட்டார். எங்களில் சிலருக்கு அது கசந்தது. தரகர் மட்டும், "கேட்பது அவர் சொத்து. பிச்சை கேட்கவில்லையே" என்றார். சாம்செட்பூரிலேயே பதிவாளர் முன் அதிகார ஆவணம் எழுதி அனுப்பினால் நேரில் வர வேண்டியதில்லை என்று அவருக்கு எழுதி, அவ்வாறே பெற்றார். விற்றால் தம் கைக்கு என்ன வரும் என்பதை அம்மையார் விலை பேசும் முன்னரே அறிந்திருந்தார். தரகர் செய்த உதவிகளில் எனக்கு இதுவே தலையாயதாகப் படுகிறது.

இத்தனைக்கும் பிறகே அவர் வீட்டைப் பார்த்தார். கூடத்துக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். கிணற்றடியைக் கழுவச் சொன்னார். கொல்லையில் குவிந்திருந்த உடைந்த ஓடுகளை அப்புறப்படுத்தச் சொன்னார். மாடிச் சுவரில் மழைக்காலத்தில் நீர் கசியும் இடம் ஒன்று இருந்தது. அதன்மேல் நாட்காட்டியை மாட்டிவிடலாமா என்று மகன் கேட்டதற்கு, வேண்டாம், நானே காட்டுகிறேன் என்றார். பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டவும் செய்தார். அந்த ஒரு குறையைக் காட்டியதால் மற்றவற்றை அவர்கள் நம்பினார்கள்.

அத்தெருவில் அண்மையில் கைமாறிய மூன்று வீடுகளின் உண்மை விலை அவர் நினைவில் இருந்தது. ஆறரை கேளுங்கள், ஆறுக்குக் கீழே இறங்காதீர்கள் என்றார். இரண்டு மாதத்தில் வங்கி அலுவலர் ஒருவர் ஆறு இலட்சத்துக்கு வாங்கினார். முன்பணம் கொடுத்த அன்றே ஒப்பந்தம் எழுதப்பட்டது. காலவரையறை, எஞ்சிய தொகை, எந்நாளில் சாவி என்பன எல்லாம் அதில் இருந்தன. ஆறு இலட்சத்தையும் பத்திரத்தில் உள்ளபடி எழுதச் செய்தார். வங்கியில் கடன் வாங்குபவருக்கும் அதுவே வசதியாக இருந்தது. இளைய தங்கைக்கு இரண்டு போக, அம்மையாருக்கும் மகனுக்கும் நான்கு இலட்சம் நின்றது. வழக்குக்கு இடமில்லாத நான்கு இலட்சம். தரகர் நூற்றுக்கு ஒன்று வீதம் இரு பக்கத்திலும் வாங்கிக்கொண்டார்.

எல்லாத் தரகரும் இப்படிப்பட்டவரா என்று கேட்பீர்கள். அல்லர். இரு பக்கத்திலும் கூலி வாங்குபவர் எந்தப் பக்கத்து ஆள் என்பது பழைய கேள்வி. விலை கூடினால் தரகும் கூடும் என்பது மெய்யே. ஆனால் ஐம்பதாயிரம் கூடுவதால் இரு பக்கத்திலும் சேர்த்து அவருக்கு வருவது ஆயிரம். அதற்காக இன்னும் இரண்டு மாதம் காத்திருப்பதைவிட இன்றே முடித்துவிடலாம் என்று மனம் சொல்லும். அதனினும் கொடியது ஒன்றுண்டு. உங்களுக்கு இவ்வளவு கிடைத்தால் போதுமல்லவா என்று விற்பவரிடம் உறுதி வாங்கிக்கொண்டு, மேலே கிடைப்பதைத் தாமே எடுத்துக்கொள்வதும், வேறொருவர் பெயரில் வீட்டைத் தாமே வாங்கி மறுமாதம் விற்பதும் உண்டு.

இதனை நம் சட்டம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவரைப் பற்றிய இயல் ஒன்றுண்டு. அதன் 215ஆம் பிரிவுக்குத் தந்திருக்கும் உதாரணமே இதுதான்: ஒருவர் தம் சொத்தை விற்றுத்தர முகவரை நியமிக்கிறார்; முகவர் வேறொருவர் பெயரில் தாமே வாங்கிவிடுகிறார். முக்கியமான செய்தியை அவர் வஞ்சகமாக மறைத்ததையோ, விற்பனை தமக்குப் பாதகமாக முடிந்ததையோ காட்டினால், உரிமையாளர் அந்த விற்பனையை மறுக்கலாம். மற்றோர் உதாரணத்தில், நிலத்தில் சுரங்கம் இருப்பதைக் கண்ட முகவர் அதனைச் சொல்லாமல் தாமே வாங்குகிறார். அங்கும் உரிமையாளர் மறுக்கலாம். அடுத்த 216ஆம் பிரிவோ, உரிமையாளர் அறியாமல் முகவர் தம் பொருட்டு நடத்திய காரியத்தில் பெற்ற ஆதாயத்தை உரிமையாளர் கேட்டுப் பெறலாம் என்கிறது. சட்டப் புத்தகத்தைச் சுவையற்றது என்பவர்கள் இந்த உதாரணங்களைப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு சிறுகதை. ஆயினும் வழக்குத் தொடுத்து மெய்ப்பிக்க வேண்டிய சுமை ஏமாந்தவர் தலையில்தான் இருந்தது. தரகருக்கு உரிமமோ, பதிவோ, படித்திருக்க வேண்டிய பாடமோ ஏதும் அச்சட்டத்தில் இல்லை.

அந்நிலையை மாற்ற வந்ததே 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சிச் சட்டம். அதன் 9ஆம் பிரிவு 2017 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இனி முகவர் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்துகொண்டு எண் பெறவேண்டும், கணக்கேடு வைக்கவேண்டும், இல்லாத வசதியை உண்டு என்று சொல்லலாகாது. மீறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம் தண்டம் ஏறும்.

ஆனால் அப்பிரிவைக் கூர்ந்து படியுங்கள். பதிவு பெற வேண்டியவர், சட்டத்தின்கீழ்ப் பதிவான கட்டுமானத் திட்டத்தில் உள்ள மனையையோ அடுக்ககத்தையோ கட்டடத்தையோ விற்க உதவும் முகவரே. ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் எழும் திட்டமும், எட்டுக்கு மேற்படாத வீடுகளைக் கொண்ட திட்டமும் பதிவுக்கே வரவேண்டியதில்லை. என் நண்பரின் வீட்டைப் போன்ற பழைய தனிவீட்டை விற்பவர் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார். நூற்றுக்கணக்கான புது வீடுகளைக் கட்டி விற்கும் நிறுவனத்துக்குத் துணை செய்பவருக்குப் பதிவு எண் உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஒரே ஒரு வீட்டை விற்கும் கைம்பெண்ணுக்குத் துணை செய்பவருக்கு அது கட்டாயமில்லை. இஃது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. பின்னவரே அதிகம் ஏமாற்றத்தக்கவர்.

இன்று வில்லங்கச் சான்றை வீட்டில் இருந்தபடியே கணினி வழியாகப் பார்க்கலாம். வழிகாட்டி மதிப்பையும் அவ்வாறே அறியலாம். விற்பவர், வாங்குபவர் இருவர் ஒளிப்படமும் விரல் பதிவும் ஆவணத்தோடு சேர்கின்றன. தரகர் நடந்து தீர்த்த நடையில் ஒரு பகுதி இதனால் குறைந்தது. சாம்செட்பூரில் ஒரு தங்கை இருக்கிறாரா என்று கேட்கும் வேலை குறையவில்லை. அக்கேள்வியைக் கேட்பதற்காக, தேநீர்க் கடை வாசலில் காலை ஏழு மணிக்கே வந்து அமரும் ஒருவரை இன்றும் நம் தெருக்களில் காணலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்றேனும் அவரை அழைத்தால், அருகில் அமர்ந்து, அவர் முதலில் கேட்பது வீட்டையா, பத்திரப் பையையா என்று கவனியுங்கள்.